அடி எங்கே?

மெழுகு அக்காவைப் பற்றி எழுது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் சொன்னதை டைப் அடித்தே விரல் தேய்ந்துபோனவள் நான். ஒரு தடவையாவது என் வாயில் வருவதை எழுதினால் குடியா முழுகிப்போகும்?

எங்கள் லேப் ஆஸ்பத்திரியில் தரைக்குக் கீழே இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் மனிதர்களிடமிருந்து வெட்டி எடுக்கிற எதுவானாலும் அழுகாமலிருக்க ஃபார்மலின் ஊற்றின டப்பாவில் மூழ்கி எங்களிடம் வந்து சேரும். டாக்டரம்மா அதில் வேண்டிய துண்டை நறுக்கிக் கொடுப்பார். அக்கா அதை உருக்கின மெழுகில் பதித்து, கட்டியாக உறையவைத்து, இயந்திரத்தில் மாட்டி, தலைமுடியை விட மெல்லிசாகச் சீவுவாள். சீவின ஏடு வெந்நீரில் மிதக்கும். மடிப்பு விழாமல் அதைக் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுத்துச் சாயம் ஏற்றித் தருவாள். டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல, நான் டைப் அடிப்பேன். ஒருவருக்கு வந்திருப்பது புற்றா இல்லையா என்பது இப்படித்தான் தெரியவருகிறது. மேலே வார்டில் படுத்திருப்பவர்களுக்கு, கீழே இப்படி நாலு ஜென்மங்கள் இருப்பதே தெரியாது.

நாலாவது ஆள் கண்ணாடிக்காரர். அவரும் ஸ்லைடு வெட்டுகிறவர்தான். மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, நெற்றியின் மேல் ஒரு கண்ணாடி, இரண்டையும் தேடிக்கொண்டே இருப்பார். ஸ்லைடு வெட்ட மொத்தம் நாலு பேர் இருக்க வேண்டிய இடம் அது. இரண்டு பேர் ரிட்டயர் ஆகிப் போனார்கள், அந்த நாற்காலிகள் இன்னும் காலி. அதனால் அக்கா காலை எட்டு மணிக்கு நின்றாளென்றால் மாலை ஐந்து வரை நின்றபடிதான்.

அக்காவின் வாய் ஊரறிந்த வாய். அதுவும் வெளியே பூத்து வளர்கிற கட்டிகள் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த மாதிரிக் கட்டி காலிபிளவர் போலப் பூரித்துக்கொண்டு நிற்கும். மேலே கிள்ளிப் பார்த்தால் சாதாரண மரு மாதிரியே இருக்கும், ஒரு வித்தியாசமும் தெரியாது. அதன் அடிப்பாகத்தைப் பார்த்தால்தான், சும்மா உட்கார்ந்திருக்கிறதா உள்ளே இறங்குகிறதா என்று சொல்ல முடியும். நோயாளிக்கு வலிக்குமே என்று டாக்டர்கள் நுனியை மட்டும் கிள்ளி அனுப்புவார்கள். அக்கா டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். உடனே போனை எடுப்பாள்.

"சார், இதுல அடி எங்கே? மொட்டை மாடியைக் காட்டி அஸ்திவாரம் எப்படி இருக்குன்னு கேட்டா நாங்க என்னத்தைச் சொல்றது?"

எத்தனை பெரிய சர்ஜனாக இருந்தாலும் இதே பாட்டுதான். தியேட்டரில் அவளுக்கு 'அடி அம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அவள் யாரையோ அடித்துவிட்டாள் போலிருக்கிறது என்றே நினைத்திருந்தாராம்.

அவள் வீட்டுக்காரர் இதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். கல்யாணமே லிஃப்ட்டில்தான் நிச்சயமானது என்பேன் நான். ஒரு நாள் ஸ்லைடு தட்டோடு ஏறினவள் நடுவில் மாட்டிக்கொண்டாள். "பயப்படாதீங்க" என்றிருக்கிறார் அவர். "நான் ஏன் பயப்படணும்? ஸ்லைடு காயுது, சீக்கிரம் திறங்க" என்றிருக்கிறாள் இவள். மனுஷன் அன்றைக்கு விழுந்தவர்தான். நான் அவரை மாமா என்பேன். ஒரே மகள் வேறு ஊரில் வேலையாக இருக்கிறாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அக்காவின் இடது குதிகாலில் ஒரு கால் ஆணி வந்தது. ஆணி என்று சொன்னது அவள்தான். நாள் பூரா நிற்கிறவர்களுக்கு ஆணி வராமல் ரோஜாப்பூவா வரும் என்றாள். பிளாஸ்திரி ஒட்டினாள், சொட்டு மருந்து விட்டாள். போகவில்லை. அதற்கப்புறம் அவள் செய்த காரியத்தை வேறு எந்தத் தொழில்காரியும் செய்திருக்க மாட்டாள். இயந்திரத்தில் மழுங்கியதென்று கழற்றிப் போடுகிற பிளேடுகள் எங்களுக்குத்தான் மழுங்கல், வீட்டுக்குக் கொண்டுபோனால் அது ராட்சசக் கூர்மை. ஞாயிற்றுக்கிழமை தோறும் குதிகாலை வெந்நீரில் ஊறவைத்து, அந்த பிளேடால் ஆணியைத் தோல் மட்டத்துக்குச் சீவிவிடுவாள்.

"மைக்ரான் கணக்குல சீவுறவடீ நான். இந்தக் குதிகாலுக்கு எதுக்கு டாக்டர்?" என்பாள். என்னை அவள் 'டைப்பு' என்றுதான் கூப்பிடுவாள், கொஞ்சுகிறபோது மட்டும் 'டீ'.

சீவச் சீவ அது வளர்ந்தது. கடைசியில் மாமா கையைப் பிடித்து இழுத்துப் போகாத குறையாகத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் ஒரு துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பலாம் என்றார். அப்போது அக்கா அவரிடம் என்ன சொன்னாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. துண்டு வந்தது. கண்ணாடிக்காரரைத் தொடவிடாமல் தானே பதித்தாள், தானே வெட்டினாள், தானே சாயம் ஏற்றினாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு இரண்டு வரி சொன்னார். "பார்த்த அளவில் மரு. ஆழம் போதவில்லை, மறுபடி எடுத்து அனுப்பவும்." இரண்டையும் அடித்தவள் நான்தான். அக்கா முதல் வரியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். இரண்டாவதற்கு, "ஆகட்டும்மா, வேலை கொஞ்சம் குறையட்டும்" என்றாள். எங்கள் லேபில் வேலை குறைகிறதாவது! டாக்டரம்மா இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். நான் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பதினாலு மாதம் போயிற்று.

ஒரு நாள் லேபில் ஒரு நாற்றம். ஃபார்மலினை முகர்ந்து முகர்ந்து மூக்கு செத்துப்போன எங்களுக்கே தெரிகிற நாற்றம். ஏதோ டப்பா மூடி சரியில்லை என்று கண்ணாடிக்காரர் அலமாரி முழுக்கத் தேடினார். நான் கழுவுகிற தொட்டியடியில் குனிந்து பார்த்தேன். குனிந்தபோதுதான் தெரிந்தது, நாற்றம் அக்காவின் செருப்பிலிருந்து வருகிறது. பிடிவாதமாகக் கழற்றவைத்தேன். குதிகாலில் கட்டியிருந்த துணி நனைந்திருந்தது. அவிழ்த்தால், உள்ளங்கையில் பாதி அகலத்துக்குப் பூத்து நிற்கிறது.

"அக்கா, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் மெழுகுல பதிச்சுட்டீங்களா?" என்று கத்தினேன். கத்தினவள் அழுதும்விட்டேன்.

டாக்டரம்மா கத்தவில்லை. பழைய ஸ்லைடைப் பெட்டியிலிருந்து எடுத்தார். மைக்ரோஸ்கோப்பில் வைத்து, நாற்காலியை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தார்.

"பாரு. இதுல அடி எங்கே?"

அக்கா பார்க்கக்கூட இல்லை. "நான்தான்மா கேட்டேன். ஆழமா வெட்டினா பத்து நாள் நிக்க முடியாதே, மேலாகக் கிள்ளுங்க போதும்னு நான்தான் கேட்டேன்."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கல் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுந்தது. அவள் இல்லாவிட்டால் அந்தப் பத்து நாளும் லேப் நின்றா போயிருக்கும்? தடுமாறியிருக்கும், நொண்டியிருக்கும், போகட்டுமே! அவளைத் திட்டுவதா, காலி நாற்காலிகளைத் திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. திட்டுவதற்கே தெம்பில்லாமல் போய்விட்டது.

இந்த முறை ஆழமாக எடுத்தார்கள். புற்றுதான். வெளியே மரு மாதிரிப் பூத்துக்கொண்டு, அடியில் மெதுவாக உள்ளே தள்ளிக்கொண்டு போகிற அபூர்வ வகை. அதன் நீளமான பெயரை, குதிகாலுக்கென்று நான் டைப் அடித்தது அதுதான் முதல் தடவை. இந்த வகை பெரும்பாலும் வேறு இடத்துக்குப் பரவாதாம், இருக்கிற இடத்தைத்தான் தின்னும். மிச்சம் வைக்காமல் வெட்டி எடுப்பதுதான் வைத்தியம்.

சர்ஜன் நேராகவே பேசினார். "குதிகால் சதையை முழுசா எடுக்கறோம். எலும்போட மேல் பக்கத்தையும் சீவி உங்க லேபுக்கே அனுப்பறோம். எலும்புக்குள்ள போகலைன்னா, தொடைத் தோலை வெச்சு மூடிடலாம், கால் உங்களுக்கு. போயிருந்தா முழங்காலுக்குக் கீழே எடுத்தாகணும். வேற வழி கிடையாது."

"எவ்வளவு ஆழமா வேணும்னாலும் வெட்டுங்க சார்" என்றாள் அக்கா. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபரேஷன் முடிந்தது. சதை வந்தது, அதனுடன் தனி டப்பாவில் எலும்புச் சீவல். எலும்பை அப்படியே வெட்ட முடியாது. ஆசிட்டில் ஊறவைத்து அதிலுள்ள சுண்ணாம்பை இறக்கி, மெத்தென்று ஆன பிறகுதான் மெழுகில் பதிக்கலாம். அதற்கு நாள் பிடிக்கும். அந்த நாட்களை நாங்கள் எப்படித் தள்ளினோம் என்று கேட்காதீர்கள். நாலாவது மாடி வார்டிலிருந்து அக்கா தினம் இரண்டு தடவை போன் செய்வாள்.

"டைப்பு, ஆசிட் மாத்தினாரா?"

"மாத்தினாருக்கா."

"அவசரப்பட்டு அதிகம் ஊறப்போட்டுடப் போறாரு, அப்புறம் சாயம் ஏறாதுன்னு சொல்லு. முதல்ல அவரு எந்தக் கண்ணாடியப் போட்டிருக்காருன்னு பாரு."

தன் குதிகால் எலும்பை எப்படிப் பக்குவம் பண்ண வேண்டும் என்று படுக்கையிலிருந்தே எங்களை வேலை வாங்கினாள். நான் சிரித்துவிட்டு போனை வைப்பேன். வைத்ததும் போய் அந்த ஆசிட் டப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன்.

ஆறாம் நாள் முற்பகல் ஸ்லைடு தயாரானது. கண்ணாடிக்காரர் அதைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். டாக்டரம்மா பார்த்தார். ஓரத்துக்கு ஓரம் நகர்த்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நல்ல சேதிக்கு யாரும் இரண்டு தடவை பார்ப்பதில்லை.

"எழுதிக்கோ" என்றார். "எலும்புச் சீவலில் புற்று உள்ளது."

மொத்தமே நாலு வார்த்தை. அதில் நான் நாலு பிழை விட்டேன்.

முறைப்படி சர்ஜன்தான் சொல்ல வேண்டும். அவர் வேறு ஆபரேஷனில் இருந்தார், வர மாலையாகும். அதற்குள் போன் அடித்தது. "இன்னிக்கு ஸ்லைடு வந்திருக்கும். எனக்குத் தெரியாத கணக்கா?" என்றாள் அக்கா. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "அவளைப் போய் சாயங்காலம் வரைக்கும் காத்திருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீ எடுத்துட்டுப் போ. சர்ஜனுக்குச் சொல்லி அனுப்பிட்டு நான் பின்னாடியே வரேன்."

லிஃப்ட்டில் மாமா இருந்தார். கூட ஒரு ஸ்ட்ரெச்சர், இரண்டு நர்ஸ். என் கையில் இருந்த காகிதத்தை அவர் பார்த்தார். "நாலாவது தானேம்மா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் மாடி எண் கேட்டது அன்றைக்குத்தான். தலையாட்டினேன். "மாத்து ஆளைக் கூப்பிட்டிருக்கேன். வந்ததும் வரேன்" என்றார்.

அக்கா கையை நீட்டினாள். கொடுத்தேன். படித்தாள்.

"யாரு வெட்டினது? கண்ணாடிக்காரரா?"

"ஆமாக்கா."

"மடிப்பு ஏதும் இருந்துச்சா?"

"இல்லக்கா. ரொம்ப சுத்தமா வந்திருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"சாயம்?"

"நல்லா ஏறியிருக்கு."

காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மடிப்பு இருந்திருந்தா, இன்னொரு தடவை வெட்டிப் பாருங்கன்னு கேட்டிருப்பேன்டீ" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அவள் அழுது நான் பார்த்ததே கிடையாது. என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. நானும் அழுதேன்.

மாமா வந்தார். கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், போர்வையை விலக்கினார். முழங்காலுக்குக் கீழே, கட்டு தொடங்குவதற்கு மேலே இருந்த காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.