ஏழு புள்ளிகள்

தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில் லேசர் கட்டிங் பட்டறை ஒன்றில் அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. முதலாளி நாகப்பட்டினம் போயிருந்த ஒரு நாள், திருவிடைமருதூர் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். கணவர் சிங்கப்பூரில் இருந்தாராம். புது வீட்டுக்குத் தங்க நிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பெயர் வேண்டும் என்றார். கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பெயரைக் காட்டினார்: 'சிங்கப்பூர்க்காரர் இல்லம்'.

"ஊர்ல அப்படித்தான் சொல்றாங்களாம், அதையே போடணுமாம்," என்றார், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

டிசைன் போட்டு மெஷினை ஓட்டினேன். தீப்பொறி பறக்க எழுத்துகள் அழகாக வெட்டுப்பட்டன. எடுத்து மேசைமேல் வரிசையாக அடுக்கினேன். அக்கா குனிந்து பார்த்தார்.

"தம்பி, புள்ளி எங்க?"

அப்போதுதான் உறைத்தது. எழுத்தோடு ஒட்டாத புள்ளி தனித் துண்டாகத்தானே வெட்டுப்படும்? சுண்டைக்காய் அளவுப் புள்ளிகள், தகட்டைத் தாங்கும் பட்டைகளின் இடைவெளி வழியாகக் கீழே கழிவுத் தட்டில் விழுந்திருந்தன. ஒன்றல்ல, ஏழு. தட்டிலோ வேறு வேலைகளில் விழுந்த அதே அளவு வட்டத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன.

"காந்தம் வச்சு எடுங்க தம்பி."

"இது காந்தத்துல ஒட்டாதுக்கா. நல்ல ஸ்டீல்."

"நல்லதுன்னா இப்படித்தான் கழுத்தறுக்கும்," என்று சொல்லி அவரே பக்கத்தில் குந்தித் தேட ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் நான்கு தங்க நிறப் புள்ளிகள் கிடைத்தன. மீதி மூன்றைப் புதிதாக வெட்டினேன். அவையும் விழுந்தன. மறுபடி வெட்டினேன். மறுபடி விழுந்தன. புள்ளிக்கும் தகட்டுக்கும் நடுவில் துளி இணைப்பு விட்டு வெட்டினால் விழாது என்பதை மறுநாள்தான் முதலாளி திட்டிக்கொண்டே சொல்லித் தந்தார்.

அக்கா கைக்கரியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "புள்ளியே இல்லாத பேரா ஒண்ணு வைக்க முடியாதா?"

நான் யோசிப்பதற்குள் அவரே சொன்னார்: "எனது வீடு."

எண்ணிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமாக்கா?"

"கொத்தனார்கிட்ட சண்டை போட்டது யாரு? மணல் லாரிக்குக் காத்துக் கிடந்தது யாரு? நீங்க வெட்டுங்க."

வெட்டினேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் எழுத்துகளைப் பொருத்தப் போனேன். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அண்ணன் வாசலில் நின்றார். கடைசி எழுத்தைப் பொருத்தி முடித்ததும் உரக்கப் படித்தார். திட்டப்போகிறார் என்று நான் பின்வாங்கினேன். அவரோ மார்பைத் தட்டிக்கொண்டார்.

"நான் சொன்னதைவிட இது ஜோரு! அங்க நான் பட்ட பாட்டுக்கு இதுதான் பேரு. எனது வீடு!"

"ஆமாங்க, எனது வீடுதான்," என்றார் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அண்ணனின் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டார். மகன் படித்துச் சொன்னதும், "எனது வீடு" என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா தம்பி," என்றார் என்னிடம், "எம்புள்ள வீட்டையே என் பேர்ல எழுதி வச்சுட்டான்."

நான் துளை போடும் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.