வீட்ல சட்டையைக் கழட்டாத மனுஷன்

இன்னிக்கு மார்பகக் கிளினிக் வாசல்ல...

வரிசையா பொம்பளைங்க. நடுவுல ஒரே ஒரு மீசை. அது என் வீட்டுக்காரரு மணியத்தோடது!

இவரு மந்தின் பக்கம் செம்பனைத் தோட்டத்துல லோரி ஓட்டறாரு. வேலை முடிஞ்சு வீட்டு வாசல்ல காலு வைக்கிறதுக்குள்ள சட்டை கழண்டுடும். கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல வீட்ல சட்டையோட பார்த்தது தீபாவளிக்கு மட்டும்தான்.

அப்பேர்ப்பட்டவரு ரெண்டு மாசமா டீ-சட்டையோட தூங்கறாரு!

"ஏங்க, வேர்க்கலையா?"

"குளுருதுலா."

(இந்த வெயில்ல குளுராம்!)

போன வாரம் துணி துவைக்கையில பார்த்தா, சட்டையில இடது மாருகிட்ட ரத்தக் கறை. புடிச்சு உட்கார வச்சு சட்டையைத் தூக்கினேன். காம்புக்குக் கீழ ஒரு கட்டி.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். பொம்பளைங்க கிளினிக்குக்கு லெட்டர் குடுத்தாரு. லோரி சீட்டுக்கு அடியில கெடக்கு."

"ஏன் போகல?"

"பொம்பளைங்க வியாதிக்கு நான் போய் நிக்கணுமா? பசங்க சிரிப்பானுங்கலா."

வந்த கோவத்துக்கு நாலு அறை விட்டிருக்கணும். அழுதுட்டேன். நான் அழுததைப் பார்த்துதான் இன்னிக்கு வந்தாரு.

அங்க வந்தா நர்ஸ் மிஸ்ஸி பேப்பரைப் பார்த்து சத்தமா கூப்பிடறாங்க, "புவான் மணியம்!"

(மேடமாம்! என் மீசைக்காரரு மேடமாம்!)

எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. இவரு எழுந்து நேரா வெளி வாசலைப் பார்த்து நடக்கறாரு. எனக்கு உயிரே போச்சு. சட்டையைப் புடிச்சு இழுத்தேன்.

மிஸ்ஸி பாவம், பழக்க தோஷம், ஓடி வந்து சாரி கேட்டாங்க. பக்கத்துல இருந்த மலாய்க்கார அம்மா கைப்பையை நகர்த்தி வச்சுட்டு நாற்காலியைத் தட்டினாங்க.

"டுடுக்லா, அபாங். சினி செமுவா சாமா."

உட்காருங்கண்ணே, இங்க எல்லாரும் ஒண்ணுதான்னு.

உட்கார்ந்துட்டாரு! அந்தம்மா காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்துச்சு.

ஊசி விட்டு சதை எடுத்திருக்காங்க. ரிசல்ட் வர ரெண்டு வாரம் ஆகுமாம். பயமாத்தான் இருக்கு.

திரும்பி வரும்போது ஒட்டுக்கடையில டீக்கு நிறுத்தினோம். இவரோட லோரி கூட்டாளிங்க எல்லாம் அங்க. அவங்ககிட்ட ஹார்ட் செக்கப்புன்னு சொல்லி வச்சிருக்காரு.

"என்ன மணியம், ஹார்ட் ஓகேவா?"

இவரு என்னைப் பார்த்தாரு. டீயைக் கீழ வச்சாரு.

"ஹார்ட் இல்லடா. மார்ல கட்டி. டாக்டர் லெட்டரோட பொம்பளைங்க கிளினிக்லதான் காட்டிட்டு வர்றேன்."

எவனாச்சும் சிரிக்கட்டும், டீயை மூஞ்சில ஊத்திடலாம்னு நான் ரெடியா இருந்தேன். ஒருத்தரும் சிரிக்கல.

கிளம்பும்போது ராஜு எங்க காடிக் கதவு வரைக்கும் கூடவே வந்தான். அந்தக் கூட்டாளிங்கள்லயே பெரிய கேலிக்காரன்.

"அண்ணி... அந்த லெட்டர் எந்த டாக்டர்கிட்ட வாங்கணும்?"

அப்பதான் கவனிச்சேன். சட்டை பட்டனே போடாத பய, கழுத்து வரைக்கும் போட்டிருக்கான்.

நாளைக்கு அவனைக் கூட்டிட்டுப் போறது யாருன்னு நினைக்கிறீங்க? என் வீட்டுக்காரருதான்! இப்ப அவரு ஃபேனுக்கு அடியில சட்டை இல்லாம, மார்ல பிளாஸ்திரியோட குறட்டை விடறாரு. அந்தக் குறட்டை இன்னிக்கு எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா!

உங்க வீட்ல எந்த ஆம்பளையாச்சும் புதுசா சட்டை போட ஆரம்பிச்சிருக்காரா? கொஞ்சம் தூக்கிப் பாருங்கலா.