கிளேஸ் ஒட்டாத கஞ்சிக் கிண்ணம்

சாச்சா, அதாவது அத்தா என்று நான் கூப்பிடும் என் அப்பாவின் தம்பி, சவுதியிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு பெரிய போர்வையும் நிறையக் கொள்கைகளும் கொண்டுவந்தார். போர்வையை இரண்டு பேர் சேர்ந்தால் மடித்துவிடலாம். கொள்கைகளை மடிக்கவே முடியவில்லை. தர்காவுக்குப் போகக் கூடாது, தாயத்து கட்டக் கூடாது, தர்கா விளக்கு எண்ணெயை நெற்றியில் தடவுவது அறவே கூடாது என்று வந்த வாரமே வீட்டில் அறிவித்துவிட்டார். அவர் மனைவி சாச்சியோ அந்த எண்ணெயிலேயே வளர்ந்தவர். தலைவலி என்றால் ஒரு சொட்டு, குழந்தை தூக்கத்தில் அலறினால் ஒரு சொட்டு, பால் திரிந்தால்கூட அடுப்பு மேடையில் ஒரு சொட்டு. சாச்சா வந்த பிறகு அந்தப் பாட்டில் அலமாரியை விட்டு அரிசி டின்னுக்குள் குடிபோயிற்று.

இந்த ஒரு விஷயத்தில்தான் இருவருக்கும் ஒத்துப்போகாது. மற்றபடி, கல்யாணமான நாள் முதல் சேர்ந்து இருந்ததைவிடப் போனில் பேசியதே அதிகம் என்ற ஏக்கம் இருவருக்கும் இருந்தது. இனிமேல் பிளேன் ஏறப் போவதில்லை, ஊரிலேயே பிழைத்துக்கொள்கிறேன் என்று சாச்சா சொன்னதைக் கேட்டு சாச்சி இரண்டு நாள் தானாகவே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஊரிலேயே பிழைப்பது என்றால் எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான்தான். மளிகைக் கடை வைத்து நொடித்தவரும் பீங்கானுக்கு வருவார், பஸ்ஸு விட்டு நொடித்தவரும் பீங்கானுக்கு வருவார். சாச்சா ரயில் பாதையை ஒட்டி ஒரு ஷெட்டில் பாதியை வாடகைக்கு எடுத்தார். மறு பாதியில் கரண்டு ஃபியூஸுக்கான பீங்கான் கட்டைகள் செய்தார்கள். சாச்சா செய்ய நினைத்தது நோன்புக் கஞ்சிக் கிண்ணம். அதுவரை எங்கள் பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்கு பிளாஸ்டிக் கிண்ணத்தில்தான் கஞ்சி ஊற்றுவார்கள். சூடான கஞ்சியில் பிளாஸ்டிக் வாடை வருகிறது என்று பெரியவர்கள் முணுமுணுத்ததைக் கேட்டு, ரமலானுக்குள் வெள்ளைப் பீங்கானில் செய்து தருகிறேன் என்று ஜமாத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். இதைப் பார்த்து மற்ற ஊர்ப் பள்ளிவாசல்களும் கேட்கும் என்பது அவர் கணக்கு.

அத்தாவுக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. சாச்சாவின் பழைய கம்பெனியில் யாரையோ பிடித்து மறுபடியும் ஒரு விசா வரவழைத்து பீரோவில் வைத்துவிட்டார்.

"ரமலானுக்குள்ள கிண்ணம் வந்துச்சுன்னா இங்கயே இரு. வரலேன்னா மூஞ்சத் தூக்கிக்கிட்டு நிக்காம பொறப்பட்டுப் போயிடணும்" என்றார். சாச்சாவும் சரி என்றார். சாச்சி எழுந்து உள்ளே போய்விட்டார். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் துணி எடுப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. காலாண்டுப் பரீட்சை லீவு. மதியம் சாச்சி ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது துணைக்கு நான். அந்த ஷெட்டைவிட நல்ல விளையாட்டு இடத்தை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. கிண்ணங்களை அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் ஒரு முறை சுடுவார்கள். அப்படிச் சுட்டதற்கு பிஸ்கட் என்று பேர். பேரைக் கேட்டு நக்கிப் பார்த்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. அவ்வளவு தாகம் அதற்கு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் விட்ட இடம் தெரியாமல் குடித்துவிடும்.

இந்த பிஸ்கட்டை கிளேஸில் முக்கி எடுத்து இரண்டாம் முறை சுட்டால்தான் கண்ணாடிப் பளபளப்பு வரும். கிளேஸ் என்பது கெட்டி மோர் மாதிரி ஒரு வெள்ளைக் கரைசல், பெரிய தொட்டி நிறைய இருக்கும். கூட்ஸ் வண்டி போகும்போது அந்தத் தொட்டியின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வளையம் வளையமாக அலை ஓடும். அதைப் பார்ப்பதற்காகவே நான் கூட்ஸ் வண்டிக்குக் காத்திருப்பேன். கிளேஸ் முக்கும் அக்கா கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார், கழுத்தில் சிறிய சிலுவை போட்டிருப்பார். வண்டி போய் அலை அடங்கும்வரை கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி சும்மா நிற்பார். இல்லாவிட்டால் கிளேஸின் கரை நெளிந்துவிடுமாம்.

அவரை நான் மெழுகு அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முக்குவதற்கு முன்னால் கிண்ணத்தின் அடியில் பிரஷ்ஷால் மெழுகு தடவுவது அவர் வேலை. அடியில் கிளேஸ் இருந்தால் சூளையில் உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். மெழுகு பட்ட இடத்தில் கிளேஸ் நிற்காது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருளுவதுபோல முத்து முத்தாகத் திரண்டு ஓடிவிடும்.

முதல் சூளையில் நாலைந்து கிண்ணங்கள்தான் கெட்டன. தூசி என்றார்கள். புதுத் தொழிலில் அது சகஜம். ஆனால் சாச்சிக்கு அது சகஜமாகப் படவில்லை. மறுநாள் மதியம் சாச்சா லுஹர் தொழப் போயிருந்தார், அக்கா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சாச்சி சாப்பாட்டுக் கேரியரின் கடைசி அடுக்கைத் திறந்தார். உள்ளே தர்கா எண்ணெய்.

"சாச்சாகிட்ட சொல்லக் கூடாது, என்னா? இது கண்ணேறு கழிக்கறதுக்கு. நீ பாட்டில மட்டும் சாயாம புடி."

வரிசையாக அடுக்கியிருந்த பிஸ்கட் கிண்ணங்களில் ஒவ்வொன்றாக, பிஸ்மி சொல்லி, விளிம்புக்குக் கீழே ஒரு விரல் எண்ணெய் வைத்துக்கொண்டே போனார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

இரண்டாம் சூளையைத் திறந்தபோது ஒரு கிண்ணம்கூடத் தேறவில்லை. எல்லாவற்றிலும் விளிம்புக்குக் கீழே கிளேஸ் விலகி, வழுக்கை விழுந்த மாதிரி ஒரு வட்டம். அதைச் சுற்றி கிளேஸ் தடித்துத் திரண்டிருந்தது. சாச்சா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். எதையும் உடைக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சாச்சி செய்தது என்னவென்று சொல்ல வேண்டுமா? ஒரு விரல் போதவில்லை என்று மூன்று விரல் வைத்தார். மூன்றாம் சூளையில் ஒவ்வொரு கிண்ணத்திலும் மூன்று வழுக்கை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மா மண் சரியில்லை என்றார். அத்தா நேராக ஷெட்டுக்கே வந்து, மெழுகு அக்காவின் பிரஷ்ஷைக் காட்டி, "இது சொட்டுதுடா. மெழுகு பட்ட எடத்துல கிளேஸ் நிக்காதுன்னு நீதானே சொன்ன. மொதல்ல ஆள மாத்து" என்றார்.

மெழுகு அக்கா பிரஷ்ஷைத் தட்டில் வைத்துவிட்டு சாச்சா பக்கம் திரும்பினார். "பாய், நான் அடியில மட்டுந்தான் தடவுறேன். மேல ஒரு சொட்டு வுழுந்திருந்தாலும் எங்க மாதா மேல சத்தியமா சொல்லிடுவேன். என் கைதான் காரணம்னு தோணுச்சுன்னா சொல்லிடுங்க, நாளைலேருந்து வரல."

சாச்சா குனிந்து, கெட்டுப்போன கிண்ணங்களை ஓரமாக அடுக்கத் தொடங்கினார். அக்கா அன்றைக்கு மதியச் சாப்பாட்டை வெளியே வேப்பமரத்தடியில் போய்த் தனியாகச் சாப்பிட்டார். ரமலானுக்கு இன்னும் ஒரு சூளைக்குத்தான் நாள் இருந்தது. அத்தா டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டார்.

மறுநாள் சாச்சி கேரியரை வைத்துவிட்டு, அக்காவைச் சமாதானப்படுத்துவதற்காக வெளியே போனார். அதற்குள் அன்றைய எண்ணெய் வேலை முடிந்திருந்தது. சாச்சா தொழுதுவிட்டு வந்து, சாப்பிடக் கை கழுவி, துடைக்கத் துண்டு தேடியபடி பிஸ்கட் கிண்ணங்களைத் தாண்டி நடந்தார். விரலிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டியதெல்லாம் விழுந்த இடத்திலேயே மறைந்தது. ஒரே ஒரு சொட்டு மட்டும் ஒரு கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே உருண்டையாக நின்றது.

சாச்சாவும் நின்றார். பிறகு குவளையில் தண்ணீர் எடுத்துவந்து, வரிசையில் இருந்த கிண்ணங்களைச் சரித்து வைத்து, விரலால் தெளித்தார். ஒவ்வொரு கிண்ணமும் தண்ணீரைக் குடித்தது; மூன்று இடத்தில் மட்டும் குடிக்க மறுத்தது. மூன்று மூன்றாகச் சொட்டுகள் மின்னிக்கொண்டு நின்றன. எனக்கு அழகாக இருந்தது. சாச்சா ஒரு கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். தர்கா எண்ணெயில் கொஞ்சம் பன்னீர் வாசம், கொஞ்சம் திரி கருகிய வாசம் இருக்கும். எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரிகிற வாசம்தான்.

"யாரும்மா வச்சது?" என்று என்னைக் கேட்டார்.

சொல்லக் கூடாது என்று சாச்சி சொல்லியிருந்தார். ஆனால் இவ்வளவு நல்ல காரியத்தை மறைப்பானேன் என்று எனக்குப் பட்டது. "சாச்சிதான். நீங்க சவுதி போவக் கூடாதுன்னு துஆ கேட்டுக்கிட்டே வச்சாங்க. அழுதுகிட்டே வச்சாங்க" என்றேன்.

அப்போது ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. கிண்ணங்களில் நின்ற சொட்டுகள் எல்லாம் நடுங்கின. ஒன்றிரண்டு உருண்டு கீழே ஓடின. வண்டி முழுக்கப் போய் முடியும்வரை சாச்சா அந்தக் கிண்ணத்தையே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்து ஒவ்வொரு கிண்ணத்திலும் நின்ற தண்ணீரைத் துடைத்தார்.

"நான் கேட்டேன்னு சாச்சிகிட்ட சொல்லாத" என்றார். ஆக, இவரிடம் சொல்லாதே என்று அவரும், அவரிடம் சொல்லாதே என்று இவரும். ஒன்றைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இதையாவது காப்பாற்றுவோம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சாச்சா, கோளாறு தண்ணீரில்தான் என்று அறிவித்தார். ஷெட்டு போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது என்றார். மெழுகு அக்காவிடம் போய், "ஒங்க கையில ஒண்ணும் தப்பில்ல. நாளைக்கு நேரத்தோட வந்துடுங்க" என்றார். மீன்பாடி வண்டியில் டிரம்களை ஏற்றி வேறு கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் செய்தார். பிஸ்கட்டில் ஈரம் இருக்கிறது, இன்னொரு முறை லேசாகச் சுட்டுவிடுவோம் என்று சொல்லி எல்லாக் கிண்ணங்களையும் அன்றிரவே மறுபடியும் சூளைக்குள் அனுப்பினார். அத்தா தலையை ஆட்டினார். தண்ணீர் என்பது அவருக்குப் புரிகிற காரணமாக இருந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது சாச்சா இன்னொன்றும் சொன்னார்.

"வூட்ல தர்கா எண்ணெய் ஒரு பாட்டிலு இருந்துச்சே. இருக்குதா?"

பரிமாறிக்கொண்டிருந்த சாச்சி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். "எதுக்குங்க?" என்றார் மெல்ல.

"இருந்தா நாளைக்கு எடுத்துட்டு வா. சூளைக் கதவுல நீயே ஒரு விரல் வச்சுடு. ஆனா அந்தக் கதவுல மட்டுந்தான் வைக்கணும். வேற எதுலயாவது வச்சா பலன் பிரிஞ்சு போயிடுமாம். பஸ்ஸுல ஒரு பெரியவரு சொன்னாரு."

அத்தா, "தம்பி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாச்சா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சாச்சி அன்று அவர் தட்டில் போட்ட கறியை நான் மறக்கவில்லை. எங்களுக்கு எலும்புதான் வந்தது.

நான்காம் சூளையைத் திறந்தபோது கிண்ணங்கள் பால் வெள்ளையாக இருந்தன. மெழுகு அக்கா ஒன்றை எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்து, ஓசையைக் கேட்டுச் சிரித்தார். ரமலானுக்கு முதல் நாள் பள்ளிவாசலுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தன. பீரோவில் இருந்த விசா அங்கேயே கிடந்து காலாவதியாயிற்று. சாச்சா அதன்பிறகு பிளேன் ஏறவே இல்லை. கிண்ணத்தைக் காப்பாற்றியது கிணற்றுத் தண்ணீர் என்பது இன்றுவரை அத்தாவின் கட்சி. சூளைக் கதவில் வைத்த எண்ணெய் என்பது சாச்சியின் கட்சி. யார் கேட்டாலும் சாச்சா இரண்டுக்கும் தலையாட்டுவார்.

காலேஜில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சொட்டு எங்கே பரவும், எங்கே உருண்டையாக நிற்கும் என்று ஒரு பாடம் வந்தது. எண்ணெய் தடவிய கண்ணாடியில் நான் விட்ட சொட்டு உருண்டு நின்றபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது; பிஸ்கட்டை மறுபடி சுட்டது ஈரம் போக அல்ல, எண்ணெய் எரிந்துபோக என்பதும். கோணத்தை அளக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்து திட்டு வாங்கினேன். இந்த எண்ணெயால் கெட்டதே தவிர நல்லது நடந்ததா பார் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்ட சாச்சாவுக்கு ஓர் அத்தாட்சி கிடைத்திருந்தது. அதைத்தான் அவர் துண்டால் துடைத்தார். சொல்லியிருந்தால், புருஷனைத் தன்னிடமிருந்து பிரித்து அனுப்பப் பார்த்தது தன் விரல்தான் என்று சாச்சி தெரிந்துகொண்டிருப்பார். அதைவிட, தான் கூடாது என்று சொன்ன எண்ணெயைத் தானே கேட்டு வாங்குவது மேல் என்று சாச்சாவுக்குத் தோன்றியிருக்கிறது.

எட்டு வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? முதல் நோன்பன்று சாச்சா ஒரு புதுக் கிண்ணத்தில் கஞ்சி வாங்கிவந்து சாச்சி முன்னால் வைத்தார். எல்லோரும் விரிப்பில் உட்கார்ந்திருந்தோம். பாங்கு சொல்லி, பேரீச்சம்பழம் வாயில் போட்டதும் சாச்சி அந்தக் கிண்ணத்தைத் தடவிப் பார்த்து, "பாத்தீங்களா எண்ணெயோட பரக்கத்த? இத்தன நாளா கூடாது கூடாதுன்னீங்களே" என்றார். "ஆமா, நான்தான் தப்பா நெனச்சுட்டேன்" என்றார் சாச்சா. அத்தா சிரித்தார், அம்மாவும் சிரித்தார். இவ்வளவு பேர் நடுவில் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. என் பங்கு வடையில் பாதியைப் பிட்டு அவர் தட்டில் வைத்தேன்.