நத்தைக்கு ஒட்டுப் போட்ட டாக்டரம்மா

திருத்தங்கல் கால்நடை டாக்டரம்மா ஒல்லியானவர். ஆடோ மாடோ, தொடும் முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். என் மகளின் மீன்தொட்டியில் இருந்த கிழட்டு நத்தையின் ஓட்டில் பொத்தல் விழுந்ததும், அதை ஒரு டப்பாத் தண்ணீரில் விட்டு அவரிடம் கொண்டுபோனேன். ஆட்டோடு காத்திருந்த பட்டாசு ஆலைக்காரர்கள் சிரித்தார்கள்.

"நத்தை வைத்தியம் நான் படிக்கலைங்க. செஞ்சு பாப்போம்."

அன்று மட்டும் டப்பாத் தண்ணீரில் கையைக் குளிர வைத்துக்கொண்டார். முட்டை ஓட்டின் உள்சவ்வைப் பொத்தலின் மேல் வைத்துப் பசையால் ஒட்டினார்.

நத்தை ஒரு மாதம் ஊர்ந்தது. செத்ததைச் சொல்லப் போனேன்.

"ஒட்டு விட்டுப்போச்சா?"

"இல்லம்மா, கடைசிவரை இருந்துச்சு. வயசுதான்."

"அப்ப அடுத்ததை இன்னும் முன்னாடியே கொண்டாங்க" என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

நான் நத்தையைக் கொண்டுபோனது மகளின் அழுகையை நிறுத்தத்தான். நத்தை பிழைக்க வேண்டும் என்று அங்கே நினைத்தவர் அவர் ஒருவர்தான்.