மூச்சு வாங்கிய பலூன்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. வாயுக்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். யாராவது ‘காத்து கருப்பு’ என்றால், “காத்துக்கு ஏதுங்க நிறம்?” என்று வாயை அடைத்துவிடுவேன்.

மறுநாள் காலை கல்வி அதிகாரி என் வகுப்பைப் பார்க்க வருகிறார். அவர் தலையாட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பாட்டில் வாயில் பலூனை மாட்டி, வெந்நீரில் வைத்தால் உப்பும், ஐஸ் தண்ணீரில் வைத்தால் சுருங்கும் என்று காட்டப் போகிறேன். கடைசியில் அசத்த ஒரு பெட்டி உலர்பனி. கார்பன் டை ஆக்சைடை உறைய வைத்த கட்டி அது, தண்ணீராகாமல் நேரே வாயுவாகிவிடும்.

லேப் அண்ணன் சாவியைக் கொடுத்தார். “சீக்கிரம் கிளம்பிடுங்க மேடம்.”

“ஏன், பேய் வருமா?”

அவர் சிரிக்கவில்லை.

மாலை 4.10. பனி வீணாகக் கரையக் கூடாதென்று கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்தினேன். சின்ன அறை. பாட்டிலில் பலூனை மாட்டி, வெந்நீரில் வைத்து ஒத்திகையை ஆரம்பித்தேன்.

4.35. வெந்நீர் ஆறாமலிருக்க முக்காலியின் கீழ் ஏற்றியிருந்த மெழுகுவத்தி அணைந்தது. ஏற்றினேன். மறுபடியும் அணைந்தது. மெழுகுவத்தியைத் திட்டித் தீர்த்தேன். தலை கிறுகிறுத்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

4.50. வெந்நீர் எப்போதோ ஆறிவிட்டது. பலூன் துவண்டு கிடக்க வேண்டும்.

உப்பியது... சுருங்கியது... மறுபடி உப்பியது.

“சனியனே, சும்மா இரு!”

பாட்டிலைத் தூக்கி ஐஸ் தண்ணீரில் வைத்தேன். பலூன் இன்னும் பெரிதாக உப்பியது. தொட்டேன். சுட்டது.

உஸ்ஸ்... உஸ்ஸ்...

இடைவெளியை எண்ணினேன். நான்கு நொடி. ஆறு. பத்து.

என் நெஞ்சும் அதோடுதான் ஏறி இறங்கியது.

பலூன் நின்றது.

எனக்கும் மூச்சு வரவில்லை...

காதோரம் ஒரு பெண் குரல். “ஜன்னல்...”

தவழ்ந்து போய்க் கொக்கியைத் தட்டிவிட்டேன். மணி 5.02.

வெளிக்காற்று பட்ட பிறகுதான் உறைத்தது. உலர்பனி ஆவியாகி அறையை நிரப்பியிருக்கிறது. புத்தி கெட்டவள் நான். மூளைக்குக் காற்று போகாவிட்டால் என்னென்னமோ கேட்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் எல்லாவற்றையும் திறந்து வைத்துப் பாடம் நடத்தினேன். அதிகாரி தலையாட்டினார்.

வேலை நிரந்தர ஆணையை நீட்டிய கிளார்க்கிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். “எனக்கு முன்னாடி இந்த வேலையில யாரு?”

“யாரும் சொல்லலையா? ஒரு மேடம். அவங்களுக்கும் மறுநாள் அதிகாரி வர்றதா இருந்துச்சு. பனி கரையும்னு எல்லாத்தையும் சாத்திட்டாங்க. கதவை உடைச்சுப் பாத்தா, ஜன்னலுக்குக் கீழே செத்துக் கிடக்குறாங்க. வாயில பலூன். அதுக்குள்ளே இருந்த காத்தை இழுத்து இழுத்துப் பாத்திருக்காங்க, பாவம்.”

பேனாவை என் பக்கம் தள்ளினார்.

“கையெழுத்துப் போடுங்க மேடம். இனிமே அந்த ரூம் உங்களுக்குத்தான்.”