மார்பிளுக்கு மேட்சான பவளம்

அதியமான்கோட்டையில் புது வீடு கட்டியிருந்த அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, விரலில் தடித்த மோதிரம். ஹாலில் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் மீனும் உயிருள்ள பவளமும் வளர்த்தார். பேசும்போதெல்லாம் மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டுவார். மீன்கள் மிரண்டு ஓடும், அவர் சிரிப்பார்.

தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் மெஷினை மாட்டிக் கொடுத்தவன் நான். அதன் அனல் காற்று வெளியேற வேண்டும், மூடிவிடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். வருகிறவர்கள் கண்ணுக்கு அசிங்கமாம். மரப்பெட்டி அடித்து மெஷினை உள்ளே வைத்து, கதவுக்குப் பூட்டும் போட்டுவிட்டார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் போனேன். தண்ணீர் முப்பத்து மூன்று டிகிரி. ஊதாவும் பச்சையுமாக இருந்த பவளமெல்லாம் சூட்டில் செத்து, எலும்புபோல வெளுத்திருந்தது.

"வெள்ளையாயிருச்சு பாத்தீங்களா? நம்மூட்டு மார்பிளுக்கு மேட்சா இருக்குதுங்க. இப்படியே இருக்கணும்னா என்னங்க பண்ணணும்?" என்றார்.

"ஒண்ணும் பண்ண வேணாங்க. அந்தக் கதவ மட்டும் தொறந்துராதீங்க."

அவர் அக்கறையாகத் தலையாட்டினார். பிறகு எழுந்து போய், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.