மோனிக்கம்மாள் திருநாளில் சீட்டு வாசித்தவன்

என் பெயர் லாசர். தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பு மைக்கின் முன்னால் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவன். 'கடற்கரை செல்லும் மின்தொடர் வண்டி' என்று நான் சொன்னால் வண்டியே கொஞ்சம் நிமிர்ந்து வரும் என்பது என் நினைப்பு. நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். என் விஷயத்தில் குடும்பத்தையே கெடுக்கப் பார்த்தது.

அந்தக் குரலுக்காகவே எங்கள் இரும்புலியூர் கோயிலில் வாசகம் படிக்கும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். ஆகஸ்ட் இருபத்தேழு புனித மோனிக்கம்மாள் திருநாள். ஆப்பிரிக்காவில் பிறந்த அந்தத் தாய், சிடுமூஞ்சிக் கணவனையும், மனம்போனபடி திரிந்த மகன் அகுஸ்தினையும் வைத்துக்கொண்டு பட்ட பாட்டை வருஷாவருஷம் நான்தான் வாசிப்பேன். மகன் ஏமாற்றிவிட்டுக் கப்பலேற, அவனைத் தேடி அவரும் கடல் தாண்டிப் போனாரே, அந்த இடத்தில் குரலைத் தழுதழுக்க வைப்பேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். பலே லாசரு, உனக்கு நிகர் யாருடா என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொள்வேன்.

இப்பேர்ப்பட்ட புண்ணியவான் பெற்ற மகளோடு மூன்று வருஷமாகப் பேசவில்லை. பிலோமினா, எலக்ட்ரீஷியன் மாரியை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். "அவ பேர இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது" என்று குதித்தேன். அவள் இருந்த ராஜகீழ்ப்பாக்கம் பஸ்ஸில் அரை மணி தூரம். எனக்கு அது கடலைவிட அகலமாக இருந்தது.

தொண்ணூற்றொன்றில் அவளுக்கு நிறைமாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே நடக்க வேண்டும்? நான் தலையசைத்தால்தான் என் மனைவி அருள்மேரி அவளை அழைத்துவர முடியும். அருள்மேரி வாயைத் திறந்தாலே நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன்.

திருநாளன்று மோனிக்கம்மாள் படத்தின் கீழ் ஒரு பெட்டி வைப்போம். பெண்கள் கணவனுக்காக, பிள்ளைகளுக்காக மன்றாட்டுச் சீட்டு எழுதிப் போடுவார்கள். பூசையில் நான் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பேன். முன்கூட்டியே படித்துப் பார்ப்பதெல்லாம் கற்றுக்குட்டிகள் செய்யும் வேலை!

"குடிக்கும் மகன் திருந்த" என்று முதல் சீட்டை வாசித்தேன். அடுத்ததையும் அதே கம்பீரத்தோடு எடுத்தேன். "தலைப்பிரசவத்துக்கு மகள் பிலோமினாவை வீட்டுக்கு அழைத்துவர, என் கணவர் லாசர் மனமிரங்க."

முழுசும் மைக்கில் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கோயிலே ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. அடுத்த சீட்டை எடுக்கக் கை வரவில்லை.

"இன்னா லாசரண்ணே, மைக் அவுட்டா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வெளியே வந்ததும் அருள்மேரி மேல் பாய்ந்தேன். "என் மானத்த வாங்கிட்டியேடி!"

"வீட்ல நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறீங்க. மைக்ல நீங்க சொன்னா நீங்களாவது கேப்பீங்கன்னு பாத்தேன்" என்றாள். அவள் அழவில்லை. மூன்று வருஷத்தில் அழுது தீர்த்துவிட்டாள் போலிருக்கிறது. எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ராஜகீழ்ப்பாக்கம் போனேன். வழியெல்லாம் ஒரு பிரசங்கம் தயார் செய்தேன். ஏதோ நான்தான் பெரிய மனசு பண்ணி அவளை மன்னிக்கிற தோரணையில்தான், வேறென்ன! பிலோமினா கதவைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பிரசங்கம் போன இடம் தெரியவில்லை. "பிலோ, வீட்டுக்கு வாம்மா" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

அவள் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை இழுத்து வந்தாள். பூட்டு போட்டு, மேலே கயிறும் கட்டியிருந்தது.

"நான் இப்பதானே வந்தேன், அதுக்குள்ளயா?" என்று அசடுமாதிரி கேட்டேன்.

அவள் பின்னால் வந்து நின்ற மாரிதான் பதில் சொன்னார். "ஏழாம் மாசத்துலேர்ந்து கட்டி வச்சிக்கினு கீது சார். உங்கப்பா எங்க வரப்போறாருன்னு நான் சொல்லுவேன். வருவாருன்னு தெனமும் வாசலையே பாத்துக்கினு இருந்துச்சி."